முள்ளோடைக்கு இருபுறமும்: பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் தேர்வில் கணக்கு எதைச் சோதிக்கிறது?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் பேருந்து முள்ளோடையைத் தாண்டும்போது மாநில எல்லை மாறுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் வினாத்தாளும் மாறிவிடுகிறது. ரெட்டிச்சாவடிப் பக்கத்து அரசுப் பள்ளி மாணவி தமிழ்நாட்டு அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தாளை எழுதுகிறாள்; சில கிலோமீட்டர் தள்ளிக் கிருமாம்பாக்கத்திலோ பாகூரிலோ அரசுப் பள்ளியில் படிக்கும் அவளுடைய மாமன் மகன் சி.பி.எஸ்.இ. தாளை எழுதுகிறான். மாஹே கேரளத்தையும் ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்ற, புதுச்சேரியும் காரைக்காலும் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையே பின்பற்றிவந்தன. 2023-24 கல்வியாண்டில் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறின, 2025இல் அந்தப் பள்ளிகளின் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் முதன்முறையாக அந்த வாரியத்தின் பொதுத்தேர்வை எழுதினர். தனியார் பள்ளிகளில் பல இன்றும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. ஆகவே எங்கள் பகுதியில் மாலை நேர வகுப்பு எடுக்கும் எவருக்கும் முன்பெஞ்சில் ஒரு வாரியமும் பின்பெஞ்சில் இன்னொரு வாரியமும் உட்கார்ந்திருப்பது பழகிப்போன காட்சி.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எழுத்துத் தேர்வுக்கு இரண்டிலும் 70 மதிப்பெண், மூன்று மணி நேரம். பாடப்பொருளும் பெரும்பகுதி ஒன்றுதான்: நிலைமின்னியல், மின்னோட்டவியல், காந்தவியல், மின்காந்தத் தூண்டல், ஒளியியல், இருமைப்பண்பு, அணு இயற்பியல், எலக்ட்ரானியல். வேறுபாடு வினாக்களின் அடுக்கில் இருக்கிறது. தமிழ்நாட்டுத் தாளில் 15 ஒரு மதிப்பெண் வினாக்கள். பிறகு இரண்டு மதிப்பெண் வினாக்கள் 9 கொடுத்து 6க்கும், மூன்று மதிப்பெண் வினாக்கள் 9 கொடுத்து 6க்கும் விடை கேட்கிறார்கள். கடைசியில் 'அல்லது' வைத்த 5 நெடுவினாக்கள். இரண்டு, மூன்று மதிப்பெண் பகுதிகளில் 24ஆம் வினாவும் 33ஆம் வினாவும் கட்டாய வினாக்கள். அவை பெரும்பாலும் கணக்காகவே அமைகின்றன. சி.பி.எஸ்.இ. தாளில் மொத்தம் 33 வினாக்கள். விட்டுவிட இடமில்லை, சில வினாக்களுக்குள் மட்டும் மாற்று உண்டு. 16 ஒரு மதிப்பெண் வினாக்களில் 4 'கூற்று - காரணம்' வகையைச் சேர்ந்தவை. ஒரு பத்தியைக் கொடுத்து அதிலிருந்து கேட்கும் சூழல் சார்ந்த வினாக்கள் இரண்டு, தலா 4 மதிப்பெண்.

இந்த அமைப்பு மாணவரின் படிப்பை எப்படி வளைக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டுத் தாளில் கணக்கு என்றாலே கைநடுங்கும் ஒரு மாணவர், கட்டாய வினாக்கள் இரண்டையும் ஒரு மதிப்பெண் பகுதியில் சிலவற்றையும் இழந்தால்கூட, வருவித்தல்களையும் வரையறைகளையும் நெட்டுருப் போட்டு 70இல் 60ஐ நெருங்க வழியுண்டு. புதுச்சேரிப் பக்கத்துத் தாளில் அந்த வழி குறுகலானது. 2024-25 முதல் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புத் தாள்களில் பாதி மதிப்பெண் 'திறன் சார்ந்த' வினாக்களுக்கு, அதாவது கற்றதைப் பயன்படுத்தத் தெரிகிறதா என்று பார்க்கும் வினாக்களுக்கு என்று சி.பி.எஸ்.இ. அறிவித்திருக்கிறது. இதை வைத்து ஒரு தாள் மனப்பாடத் தாள், மற்றது சிந்தனைத் தாள் என்று முத்திரை குத்துவது பெற்றோருக்குப் பிடித்த வழக்கமாகிவிட்டது. அது அவசரத் தீர்ப்பு. எந்தத் தாளில் வந்தாலும் ஒரு வினா எதைச் சோதிக்கிறது என்பது, அதற்கு மாணவர் எழுதக்கூடிய தவறான விடைகள் எவையென்று வினா எழுதியவர் முன்கூட்டியே யோசித்தாரா என்பதைப் பொறுத்தது. நான் கீழே எடுத்துக்காட்டுகளோடு சொல்லவருவது அதைத்தான்.

கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் நெய்வேலியிலிருந்து தொடங்கலாம். அங்குள்ள இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் ஏழு. அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தின் மின்னழுத்தத்தை உயர்த்தித்தான் தொலைவுக்கு அனுப்புகிறார்கள் என்பது எல்லா மாணவருக்கும் தெரியும். 'ஏன்' என்று கேட்டால் 'திறன் இழப்பைக் குறைக்க' என்று வரி பிசகாமல் சொல்வார்கள். அந்த வரிக்கு இரண்டு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். அதே மாணவரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ஒரு சிற்றூருக்கு 110 கிலோவாட் திறன் அனுப்ப வேண்டும், போக வர கம்பியின் மொத்த மின்தடை 2 ஓம், 1.1 கிலோவோல்ட்டில் அனுப்பினால் கம்பியில் எவ்வளவு இழப்பு, 11 கிலோவோல்ட்டில் அனுப்பினால் எவ்வளவு?

சரியான வழி எளிது. முதல் நிலையில் மின்னோட்டம் 100 ஆம்பியர். அதன் இருமடியை 2 ஓமால் பெருக்கினால் இழப்பு 20,000 வாட். இரண்டாம் நிலையில் மின்னோட்டம் 10 ஆம்பியர். இழப்பு 200 வாட். மின்னழுத்தம் பத்து மடங்கு உயர்ந்தால் இழப்பு நூறில் ஒரு பங்காகிறது. ஆனால் திருத்தும்போது கண்ணில் படும் இன்னொரு வழி இருக்கிறது. மின்னழுத்தத்தின் இருமடியை மின்தடையால் வகுத்தாலும் திறன் கிடைக்கும் என்று பாடநூலில் இருக்கிறது அல்லவா? மாணவர் 11,000ஐ இருமடியாக்கி 2ஆல் வகுக்கிறார். விடை 6 கோடியே 5 லட்சம் வாட். அனுப்பியதே 110 கிலோவாட். இழந்தது அதைப்போல் 550 மடங்கு! நெய்வேலியின் ஓர் அலகு தரும் திறனில் கால்பங்குக்கு மேல் ஒரு சிற்றூர்க் கம்பியே விழுங்கிவிட்டது. இருந்தும் விடைக்குக் கீழே இரட்டைக் கோடு, சுற்றிக் கட்டம், அலகு எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

இங்கே பிசகியது கணக்கு அன்று. பெருக்கலும் வகுத்தலும் சரிதான். சூத்திரமும் தவறில்லை. அந்தச் சூத்திரத்தில் வரும் மின்னழுத்தம் எந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையிலானது என்ற கேள்வியை மாணவர் தமக்குள் எழுப்பவில்லை. 11 கிலோவோல்ட் என்பது இரு கம்பிகளுக்கும் இடையே உள்ளது. கம்பியின் நீளவாக்கில் விழுவது 10 ஆம்பியரை 2 ஓமால் பெருக்கிய 20 வோல்ட் மட்டுமே. அந்த 20ஐ இருமடியாக்கி 2ஆல் வகுத்தால் அதே 200 வாட் வந்துவிடும். இப்போது வினா எழுதுபவரின் பக்கம் திரும்புவோம். 'இழப்பைக் கணக்கிடுக' என்று மட்டும் கேட்டால், இருமடி மின்னோட்டச் சூத்திரத்தைப் பழக்கத்தால் எடுத்தவரும் புரிந்து எடுத்தவரும் ஒரே மூன்று மதிப்பெண்ணைப் பெறுவார்கள். 'ஒரு மாணவர் இழப்பு 60.5 மெகாவாட் என்று கணக்கிட்டிருக்கிறார். அவர் எங்கே தவறினார்?' என்று கேட்டால் இருவரும் பிரிந்து நிற்பார்கள். கூடுதலாக ஒரு சொல்லைக்கூடப் பாடத்திட்டத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவரவில்லை.

மின்தேக்கியிலும் இதே கதைதான். 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை 100 வோல்ட் மின்கலத்தோடு இணைத்தால் அதில் சேரும் ஆற்றல் 0.05 ஜூல். மின்கலத்தைக் கழற்றாமலேயே மின்காப்பு மாறிலி 5 உடைய பொருளைத் தட்டுகளுக்கிடையே நுழைத்தால் ஆற்றல் 0.25 ஜூலாக உயர்கிறது. கழற்றிவிட்டு நுழைத்தால் 0.01 ஜூலாகக் குறைகிறது. ஒரே பொருள், ஒரே மின்தேக்கி. ஒரு பக்கம் ஐந்து மடங்கு, மறுபக்கம் ஐந்தில் ஒரு பங்கு. 'மின்கலம் கழற்றப்பட்ட பிறகு' என்ற மூன்று சொற்களை வாசித்ததும் மாறாமல் இருப்பது மின்னூட்டம் என்று மனத்தில் பட வேண்டும். அப்படிப் படாதவர் 100 வோல்ட்டையே பிரதியிட்டு 0.25 எழுதுவார். ஒரு மதிப்பெண் வினாவாகக்கூட இதைக் கேட்கலாம்: விடைகளில் 0.25ஐயும் 0.01ஐயும் அருகருகே வைத்தால் போதும். குறைந்த 0.04 ஜூல் எங்கே போயிற்று என்று ஒரு துணை வினா சேர்த்தால், தட்டுகளே அந்தப் பொருளை உள்ளே இழுக்கின்றன, இழுக்கும்போது வேலை செய்யப்படுகிறது என்பது வரை வகுப்பு போகும். பொதுத்தேர்வில் அந்தத் துணை வினாவுக்கு இடம் இருக்குமா என்பது வேறு விஷயம்.

ஒரு மதிப்பெண் வினா என்றால் குறைத்து மதிப்பிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. 'ஒன் வேர்டு' என்று சொல்லி, பாடநூலின் பின்பக்கத்தை நான்கு முறை ஒப்பித்தால் முடிந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் தேர்ந்தெடுக்கக் கொடுக்கும் நான்கு விடைகள் நன்றாக எழுதப்பட்டிருந்தால், அவை ஒரு நெடுவினாவைவிட அதிகம் சொல்லும். ஒளியியலிலிருந்து ஒன்று: காற்றில் 10 சென்டிமீட்டர் குவியத்தொலைவு கொண்ட, 1.5 ஒளிவிலகல் எண் உடைய கண்ணாடிக் குவிலென்ஸை நீரில் மூழ்கவைத்தால் குவியத்தொலைவு எவ்வளவு? நீரின் ஒளிவிலகல் எண் 4/3. விடைகள் 7.5, 10, 13.3, 40 சென்டிமீட்டர் என்று இருக்கட்டும்.

லென்ஸ் உருவாக்குபவர் சூத்திரத்தில் நீரைச் சார்ந்த கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.125 என்று எடுத்தால், காற்றில் 0.5ஆக இருந்த காரணி 0.125ஆகச் சுருங்குகிறது, குவியத்தொலைவு நான்கு மடங்காகி 40 ஆகிறது. 10 என்று குறித்தவர் குவியத்தொலைவை லென்ஸின் பிறவிக்குணம் என்று நம்புகிறார்; வெளியிலிருக்கும் ஊடகம் அவருடைய படத்தில் இல்லவே இல்லை. 13.3 என்று குறித்தவருக்கு நீர் எதையோ மாற்றுகிறது என்று தெரியும், ஆனால் எப்படி என்று தெரியாததால் 4/3ஆல் பெருக்கிவிட்டார். 7.5 எழுதியவர் தோற்ற ஆழப் பாடத்தை இங்கே கொண்டுவந்து வகுத்துவிட்டார். கிணற்றின் அடி மேலேறித் தெரிவதும் லென்ஸின் குவியம் நகர்வதும் அவர் மனத்தில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. மூவருக்கும் மதிப்பெண் சுழியம்தான்; ஆனால் மூவருக்கும் மறுநாள் சொல்லிக்கொடுக்க வேண்டியது மூன்று வெவ்வேறு பாடங்கள். இதே வினாவுக்கு 40, 42, 45, 50 என்று விடைகள் வைத்தால் கணக்கில் கைதவறியவர் மட்டும் பிடிபடுவார். கருத்தில் தவறியவர் தம் விடை நான்கிலும் இல்லாததைப் பார்த்து எதையோ ஒன்றைக் குறித்துவிட்டுப் போவார்.

மொழி இதில் எங்கே வருகிறது என்று கேட்கலாம். தமிழ்நாட்டுத் தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகிறது. சி.பி.எஸ்.இ.யின் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. நீட் தேர்வையும் ஜே.இ.இ. முதன்மைத் தேர்வையும் தமிழில் எழுத முடியும் என்னும்போது, முள்ளோடையைத் தாண்டிய அரசுப் பள்ளி மாணவர் தம் பள்ளி இறுதித் தேர்வைத் தமிழில் எழுத முடியாது என்பது விசித்திரமான நிலை. ஆனால் வினாத்தாளின் மொழியைவிட ஆழமான சிக்கல் வீட்டு மொழியில் இருக்கிறது. நாம் 'கரண்ட் போயிடுச்சு' என்கிறோம், 'கரண்ட் பில்' கட்டுகிறோம், 'ஏ.சி. நிறைய கரண்ட் இழுக்கும்' என்கிறோம். அந்தச் சொல் நம் வாயில் மின்சாரம், மின்னழுத்தம், மின்னாற்றல், மின்னோட்டம் ஆகிய நான்கையும் குறிக்கிறது; போதாக்குறைக்கு அது செலவாகித் தீரும் பண்டமாகவும் இருக்கிறது. வகுப்பில் 'மின்னோட்டம் என்பது ஒரு வினாடியில் ஒரு குறுக்குவெட்டைக் கடக்கும் மின்னூட்டம்' என்று எழுதிப்போட்டாலும், தொடரிணைப்பில் இரண்டு பல்புகளைக் காட்டியதும் 'முதல் பல்பு கொஞ்சம் கரண்டை எடுத்துக்கொள்ளும், மீதி இரண்டாவதுக்குப் போகும்' என்ற வீட்டு அறிவு மேலெழுகிறது.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய குறை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லிலியன் மெக்டெர்மட், பீட்டர் ஷாஃபர் இருவரும் 1992இல் வெளியிட்ட ஆய்வில் இடம்பெற்ற ஒரு வினா இத்துறையில் புகழ்பெற்றது. ஒரே மாதிரியான ஐந்து பல்புகள், ஒரே மாதிரியான மூன்று மின்கலங்கள். முதல் சுற்றில் ஒரு பல்பு. இரண்டாவதில் தொடராக இரண்டு. மூன்றாவதில் பக்க இணைப்பில் இரண்டு. ஐந்தையும் ஒளிர்வின்படி வரிசைப்படுத்த வேண்டும், அவ்வளவுதான், கணக்கே இல்லை. ஒற்றைப் பல்பும் பக்க இணைப்பில் உள்ள இரண்டும் ஒரே அளவில் ஒளிரும், தொடரில் உள்ள இரண்டும் தங்களுக்குள் சமமாக ஆனால் மங்கலாக ஒளிரும் என்பது விடை. நுண்கணிதத்தோடு இயற்பியல் படித்த பல்கலைக்கழக மாணவர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரே அதைச் சரியாகச் சொன்னார்கள். ஹார்வர்டில் எரிக் மசூரும் 1990களில் இதையொத்த ஒன்றைக் கண்டார்: கிர்க்காஃப் விதிகளைக் கொண்டு சிக்கலான சுற்றுகளைத் தீர்த்த அவருடைய மாணவர்கள், சாவியை மூடினால் எந்தப் பல்பு பிரகாசமாகும் என்ற எளிய வினாவில் தடுமாறினார்கள். மூன்று சமன்பாடுகளைத் தீர்க்கத் தெரிந்ததை மின்சுற்று புரிந்ததற்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது என்று அவர் அதிலிருந்து கற்றுக்கொண்டு, தம் பாடமுறையையே மாற்றினார்.

இதைச் சொன்னதும் 'அப்படியானால் கணக்கை எடுத்துவிட்டுக் கருத்து வினாக்களை மட்டும் வைத்துவிடலாமே' என்று சிலர் கிளம்புவார்கள். அதுவும் ஒப்புக்கொள்ளத்தக்கதன்று. மின்னழுத்தம் கூடினால் இழப்பு குறையும் என்று சொல்லத் தெரிந்தவருக்கு, பத்து மடங்கு கூட்டினால் இழப்பு பத்தில் ஒரு பங்கா நூறில் ஒரு பங்கா என்று சொல்லத் தெரியாவிட்டால் அவருடைய புரிதல் பாதியில் நிற்கிறது. இயற்பியலில் 'எவ்வளவு' என்பது 'ஏன்' என்பதற்கு ஒட்டாக வருவதில்லை. அதன் உள்ளேயே இருக்கிறது.

ஒளிமின் விளைவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். வெளியேற்று ஆற்றல் 2.3 எலக்ட்ரான் வோல்ட் உள்ள ஓர் உலோகத்தின்மீது 620 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி விழுகிறது. வெளிப்படும் எலக்ட்ரானின் பெரும இயக்க ஆற்றல் என்ன? ஒளியணுவின் ஆற்றல் ஏறத்தாழ 2 எலக்ட்ரான் வோல்ட். கழித்தால் எதிர்க்குறி 0.3. இந்த இடத்தில் மாணவர்கள் மூன்று வகையாகப் பிரிகிறார்கள். ஒரு சாரார் எதிர்க்குறியைத் தம் கணக்குப் பிழை என்று கருதி ஓசைப்படாமல் நீக்கிவிட்டு 0.3 என்று எழுதுகிறார்கள். இன்னொரு சாரார் எதிர்க்குறியோடே எழுதி அலகும் போடுகிறார்கள். இயக்க ஆற்றல் எதிர்க்குறியாக இருக்க முடியுமா என்ற ஐயம் அவர்களுக்கு வருவதில்லை. மிகச் சிலர் மட்டும் 'எலக்ட்ரான் வெளிப்படாது' என்று எழுதுகிறார்கள். வினாவில் 'வெளிப்படும் எலக்ட்ரானின்' என்று இருப்பதால் அது வஞ்சக வினா என்று குற்றம் சாட்டலாம். பொதுத்தேர்வுக்கு அப்படியே வைப்பது நியாயமில்லை என்பதை நானும் ஏற்கிறேன். 'எலக்ட்ரான் வெளிப்படுமா? ஒளியின் செறிவை இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும்? கணக்கிட்டு விளக்குக' என்று எழுதினால் வஞ்சகம் போய்விடும், கூர்மை இருக்கும்.

திருத்தும் முறை இங்கே நேரடியாகத் தொடர்புடையது. மூன்று மதிப்பெண் கணக்கு ஒன்றுக்கு விடைக்குறிப்பு பெரும்பாலும் சூத்திரத்துக்கு ஒன்று, பிரதியிடலுக்கு ஒன்று, அலகோடு கூடிய விடைக்கு ஒன்று என்று பிரித்துத் தருகிறது, சி.பி.எஸ்.இ.யில் அரை அரை மதிப்பெண்ணாக இன்னும் நுணுக்கமாகப் பிரிப்பார்கள். ஆயிரக்கணக்கான விடைத்தாள்களைப் பல கைகள் திருத்தும் மையத்தில் இப்படி ஒரு பொது அளவுகோல் இல்லாமல் முடியாது. கடைசி வரியில் பத்தின் அடுக்கைத் தவறவிட்ட மாணவருக்கு அது பாதுகாப்பும்கூட. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. எந்தச் சூத்திரம் என்று வினாவே காட்டிக்கொடுத்துவிடும்போது, அதை எழுதி எண்களைப் போட்டாலே மூன்றில் இரண்டு கிடைக்கிறது. 60.5 மெகாவாட் எழுதியவருக்கு எத்தனை தருவது என்று திருத்துபவர் திகைப்பதும் இதனால்தான்: அவர் எழுதிய சூத்திரம் உண்மையான சூத்திரம், பிரதியிட்டதும் வினாவில் கொடுத்த எண். சூத்திரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணத்தை ஒரு வரியில் எழுதச் சொல்லி அதற்கு ஒரு மதிப்பெண் ஒதுக்கினால் சிக்கல் பெரும்பாலும் தீரும். ஒரு வரிதான், பத்தி வேண்டாம்.

கணிப்பான் அனுமதி இரு தாள்களிலும் இல்லை. ஆகவே பிளாங்க் மாறிலியை ஒளியின் வேகத்தால் பெருக்கி அலைநீளத்தால் வகுக்கும் வேலையை மாணவர் கையால் செய்ய வேண்டும். இதில் ஓரளவு நன்மை உண்டு. அடுக்குகளைக் கையாளத் தெரியாமல் இயற்பியலில் நகர முடியாது. ஆனால் 6.626ஐ 2.998ஆல் பெருக்கவைக்கும் வினா நேரத்தைத் தின்னுமேயொழிய எதையும் சோதிக்காது. மேலே 620 நானோமீட்டர் என்று எடுத்ததற்கும், கம்பிக்கு 2 ஓம் என்று வைத்ததற்கும் காரணம் அதுதான்: எண் எளிதாக இருக்கும்போது மாணவரின் கவனம் எண்ணில் சிக்காமல் இயற்பியலில் நிற்கும், விடை முறையற்றதாக வந்தால் கண்ணிலும் படும்.

சூழல் சார்ந்த வினாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. கடலூரில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் 50 மீட்டர் உயரமுள்ள ஓர் அலைபரப்புக் கோபுரம் இருப்பதாகக் கொள்வோம். புவியின் ஆரம் 6400 கிலோமீட்டர். நேர்க்கோட்டுப் பார்வையில் அதன் அலை எவ்வளவு தொலைவு எட்டும்? இருமடங்கு ஆரத்தை உயரத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 25.3 கிலோமீட்டர், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் புதுச்சேரியை அது தாராளமாக எட்டும். எங்கள் ஊர்ப் பெயர் இருப்பதால் பிள்ளைகளுக்கு இந்த வினா பிடிக்கிறது. ஆனால் ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு வேறு ஊரைப் போட்டாலும் வினா அப்படியே இருக்கிறது என்றால், அது பழைய கணக்குக்குப் புதுச் சட்டை மாட்டியதுதான். பத்தி கொடுத்துக் கேட்கும் வினாக்களில் கணிசமானவை இந்த ரகம். பத்தியைப் படிக்காமலே கடைசி இரண்டு வரிகளிலிருந்து விடை எழுதிவிடலாம் என்று பிள்ளைகள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். 'இரு மடங்கு தொலைவை எட்ட இரு மடங்கு உயரம் போதும் என்கிறார் ஒருவர், நீர் ஒப்புக்கொள்வீரா?' என்று திருப்பிக் கேட்டால், நான்கு மடங்கு, அதாவது 200 மீட்டர் வேண்டும் என்று கண்டுபிடிக்க மாணவர் உறவைப் பார்க்க வேண்டும், எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. (தகவல் தொடர்புப் பகுதி தமிழ்நாட்டுப் பாடநூலில் இருக்கிறது, சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது, ஆகவே எல்லைக்கு வடக்கே இந்தக் கோபுரத்துக்கு வேலையில்லை.)

நுழைவுத் தேர்வுகள் தனிக் கட்டுரைக்குரியவை. இங்கே இவ்வளவு போதும்: நீட் தேர்வில் இயற்பியலுக்கு 45 வினாக்கள், சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழிக்கப்படும். அங்கே வேகம்தான் அரசன். பதினொன்றாம் வகுப்பு இயக்கவியலும் வெப்பவியலும் சம பங்கு வகிப்பதால், பன்னிரண்டாம் வகுப்புத் தாளை மட்டும் குறிவைத்துப் படித்தவர் பாதி ஆயுதத்தோடு போகிறார். தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் நிலைமை வேறு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கணக்கிடும் கட்ஆஃபில் பொதுத்தேர்வு மதிப்பெண்ணே பேசுகிறது. செய்முறைத் தேர்வு தமிழ்நாட்டில் 20 மதிப்பெண், சி.பி.எஸ்.இ.யில் 30. மீட்டர் சமனச்சுற்றையும் நிறமாலைமானியையும் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு அது ஒன்றுதான். இருந்தும் இரு பக்கத்திலும் ஏறத்தாழ எல்லாருக்கும் முழு மதிப்பெண் கொடுத்துவிடும் வழக்கம் வேரூன்றிவிட்டதால் அதைக் கொண்டு யாரையும் பிரித்தறிய முடிவதில்லை.

பொதுத்தேர்வுத் தாளை மாற்றும் அதிகாரம் கடலூரிலோ புதுச்சேரியிலோ இருக்கும் ஆசிரியர் கையில் இல்லை. அவர் கையில் இருப்பவை வாராந்தரத் தேர்வுகளும், அரையாண்டுக்குப் பிறகு வரும் திருப்புதல் தேர்வுகளும். பொதுத்தேர்வு ஒரு மதிப்பெண் எண்ணை மட்டும் திருப்பித் தருகிறது. விடைத்தாளின் நகலைக் கேட்டு விண்ணப்பிப்பவர்கள்கூட மறுமதிப்பீட்டில் கூடுதல் மதிப்பெண் கிடைக்குமா என்றுதான் பார்க்கிறார்கள். தவறைத் தவறாகவே வாசிக்கக் கிடைக்கும் கடைசி இடம் திருப்புதல் தேர்வுதான். ஆனால் நடைமுறையில் அது முந்தைய ஆண்டு வினாத்தாள்களின் வெட்டி ஒட்டலாகவும், தேர்ச்சிக்கு மட்டும் போதுமான 'மினிமம் மெட்டீரியல்' எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று அளக்கும் கோலாகவும் சுருங்கிவிடுகிறது. தலைமையாசிரியருக்குத் தேர்ச்சி விழுக்காடு போனதும் விடைத்தாள்கள் கட்டப்பட்டு அலமாரிக்குப் போகின்றன.

சென்ற ஆண்டு நான் மேலே சொன்ன லென்ஸ் வினாவை இரு வாரியப் பிள்ளைகளும் இருந்த மாலை வகுப்பில் கொடுத்தேன். மதிப்பெண் பட்டியல் போடுவதற்குப் பதிலாக, எந்த விடையை எத்தனை பேர் குறித்தார்கள் என்று கரும்பலகையில் நான்கு கோடுகளாக எழுதினேன். 10 சென்டிமீட்டருக்குக் கீழேதான் அதிகக் கோடுகள் விழுந்தன. இரண்டு வாரியப் பிள்ளைகளும் அதில் சமமாகவே இருந்தார்கள். மறுநாள் ஒரு பூதக்கண்ணாடியையும் ஒரு வாளித் தண்ணீரையும் கொண்டுபோனேன். லென்ஸை நீருக்குள் அமிழ்த்தி, அடியில் கிடந்த ஒரு ரூபாய் நாணயத்தின் மேலே பிடித்ததும், பெரிதாக்குவதில் அது எவ்வளவு பலமிழந்துபோகிறது என்று ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு சூத்திரத்தை நான் கரும்பலகையில் எழுதவில்லை. 10 என்று குறித்திருந்த பாகூர்ப் பையன் ஒருவன் தானே எழுந்துபோய் எழுதி, 0.125ஐ வட்டமிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான்.